விழவும் வெற்பும்

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் திருநாள் வரும்போதெல்லாம் ஒரு சிறு குறை தலைகாட்டுவதுண்டு. பொங்கற்பானை பொங்குகிறது, வாயிலில் கோலம் விளங்குகிறது, மஞ்சட்கொத்தும் கரும்பும் கடைத்தெருவிலிருந்து வந்து சேருகின்றன. ஆனால், காணும் பொங்கலன்று பிள்ளைகள் "இன்று எங்கே போகலாம்?" என்று கேட்கும்போது நாம் விடை கூற மாட்டாது நிற்கிறோம். சொந்த ஊரில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. அங்கே ஓர் ஆற்றங்கரை இருந்தது. கரைமேட்டில் ஒரு மண்டபம் இருந்தது. கட்டுச்சோற்று மூட்டையுடன் ஊரே அங்குச் சென்றது. திருநாளைப் பெட்டியில் வைத்து உடன் கொண்டுவந்த நாம், ஆற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

விழாவும் அது நிகழும் இடமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பரிபாடல், வையையில் புதுப்புனல் பெருகிய நாளின் களிப்பைப் பாடுகிறது. திருப்பரங்குன்றத்தை முருகனுக்கு எடுத்த விழவோடு சேர்த்தே பாடுகிறது. இந்திர விழாவைக் கொண்டாட மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை கூறும் செய்தி. அதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளாவிடினும், விழாவை மறந்த மக்கள் காலப்போக்கில் தம் இடத்தையும் இழப்பர் என்னும் கருத்து அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

இக்கருத்து எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வதற்கு நாம் இங்குச் சீன மக்களின் திருநாள்களை எடுத்துக்கொள்கிறோம். நம்மைப் போலவே அவர்களும் திரைகடல் ஓடியவர்கள். சென்ற இடமெல்லாம் தம் திருநாள்களையும் எடுத்துச் சென்றவர்கள். அன்றியும், 2008 ஆம் ஆண்டில் நம் சத்தியவேட்டுக்கு அருகே தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டித் தொழில்நகரில் ஜப்பான், கொரியா முதலிய நாடுகளின் நிறுவனங்களோடு சீன நிறுவனங்களும் இடம்பெற்றுள்ளன. நம் அண்டையில் வந்திருப்போரின் பண்பாட்டைச் சிறிது அறிந்துகொள்வதும் நமக்கு அழகேயாகும்.

நிலவும் நீரும் மலையும்

சீனரின் பழைய நாட்காட்டி திங்களையும் ஞாயிற்றையும் ஒருங்கே தழுவியது. அவர்களுடைய புத்தாண்டாகிய வசந்த விழா சனவரித் திங்களின் பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20க்கும் இடையே ஓர் அமாவாசையையொட்டி வரும். அன்று உறவினர் அனைவரும் ஒரே வீட்டில் கூடுவர். பதினைந்தாம் நாள் முழுநிலவில் தெருவெங்கும் விளக்குகளைத் தொங்கவிட்டு மகிழ்வர். இவ்விழா பெரும்பாலும் வீட்டையும் தெருவையும் சார்ந்தது. பின்வரும் திருநாள்களோ அவர்களை வீட்டை விட்டு வெளியே அழைத்துச் செல்பவை.

ஏப்ரல் தொடக்கத்தில் வருவது சிங்மிங் என்னும் திருநாள். 'தெளிந்த ஒளி' என்பது அதன் பொருள். அன்று முன்னோர் துயிலும் கல்லறைகளுக்குச் சென்று, புல் களைந்து, தூய்மை செய்து, உணவு படைத்து வணங்குவர். வழிபாடு முடிந்தபின் இளம்புல் முளைத்த வெளிகளில் குடும்பத்தோடு உலாவி வருவர். நீத்தாரை நினைத்த அன்றே இயற்கையையும் கண்டு மகிழ்தல் இதன் தனிச்சிறப்பு.

ஐந்தாம் திங்களின் ஐந்தாம் நாளில் நிகழ்வது கடல்நாக வடிவப் படகுகளின் போட்டி. நாட்டின் வீழ்ச்சி கண்டு மனமுடைந்து, ஹூனான் மாநிலத்தின் மிலுவோ ஆற்றில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உயிர்நீத்த சூ யுவான் என்னும் புலவரின் நினைவாக இது கொண்டாடப்படுவதாக மரபு கூறும். அவர் உடலைத் தேடிப் படகில் விரைந்தோரின் நினைவே படகோட்டம். இலையில் பொதிந்து வேகவைத்த பசையரிசிச் சோறு, மீன்கள் அவர் உடலைத் தீண்டாதிருக்க ஆற்றில் இட்ட உணவின் நினைவு என்பர். புலவர் ஒருவருக்காக ஒரு நாடே ஆற்றங்கரையில் கூடுவது வியப்புக்குரியதன்றோ!

எட்டாம் திங்களின் முழுநிலா நாள் மற்றொரு பெருவிழா. வட்டமான இனிப்புப் பணியாரத்தைப் பகிர்ந்துண்டு நிலவைக் காண்பர். ஹாங்சௌ நகரின் மேற்கு ஏரியில் மூன்று சிறு கற்கோபுரங்கள் நீரிடையே நிற்கின்றன. விழா இரவில் அவற்றினுள் விளக்கேற்றினால் வட்டச் சாளரங்களின் ஒளி நீரில் பல நிலவுகளாய்த் தோன்றும். அக்கோபுரங்களின் படத்தைச் சீனத்தின் ஒரு யுவான் பணத்தாளிலும் காணலாம். மேற்கு ஏரியை யுனெஸ்கோ 2011 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதே திங்களின் பதினெட்டாம் நாளில், அந்நகரை ஒட்டிப் பாயும் சியன்தாங் ஆற்றின் முகத்துவாரத்தில் கடல்நீர் சுவர்போல் எழுந்து ஆற்றை எதிர்த்து ஏறும் காட்சியைக் காண மக்கள் திரள்வர்.

ஒன்பதாம் திங்களின் ஒன்பதாம் நாளோ மலையேறுவதற்கென்றே அமைந்தது. அன்று உயர்ந்த இடத்துக்குச் சென்றால் தீங்கு நீங்கும் என்பது பழைய நம்பிக்கை. செவ்வந்தி மலரைப் போற்றுதலும் அந்நாளின் வழக்கம். 2013 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அந்நாள் முதியோர் நாளாகவும் விளங்குகிறது. முதியோரைத் தாங்கிப் பிடித்து இளையோர் குன்றேறும் காட்சியை நம் மலைக்கோயில் படிகளிலும் நாம் கண்டிருக்கிறோம்.

தாயகத்தில் தளர்ந்த விழா

இத்தகைய விழாக்கள் தாயகத்தில் எக்காலத்தும் தடையின்றி நிகழ்ந்தன என்று எண்ணிவிடலாகாது. 1966 இல் சீனத்தில் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியது. பழைய வழக்கங்கள் யாவும் ஒழிக்கத்தக்கவை எனப் பழிக்கப்பட்டன. 1967 இல் வசந்த விழாவுக்குரிய விடுமுறையே நிறுத்தப்பட்டது; 1980 வாக்கில்தான் அது மீண்டது. சிங்மிங், படகு விழா, முழுநிலா விழா ஆகிய மூன்றும் 2008 இல்தான் அந்நாட்டில் பொது விடுமுறை நாள்களாயின. படகு விழா 2009 இலும், வசந்த விழா 2024 இலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

தாயகத்தில் விழாக்கள் நலிந்திருந்த அந்த ஆண்டுகளில், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கல்கத்தாவிலும் குடியேறிய சீனர் அவற்றை விடாது நடத்தி வந்தனர். வேற்றுநாட்டில் சிறு கடை வைத்தும் தோல் பதனிட்டும் பிழைத்த எளிய மக்களே அவர்களுள் பலர். ஒரு குடியின் மரபை அதன் தாயகம் மட்டுமே காக்கும் என்பதில்லை. பெயர்ந்து சென்ற பிள்ளைகளும் காத்தல் கூடும். இஃது நமக்கும் ஊக்கம் தரும் செய்தியாகும்.

நாகையில் மறைந்த கோபுரம்

இனி, விழாவற்ற இடம் என்னாகும் என்பதைக் காண்போம். இதற்கான சான்று நம் தமிழ்க் கடற்கரையிலேயே உள்ளது.

சோழர் காலந்தொட்டே தமிழகத்துக்கும் சீனத்துக்கும் கப்பல் வாணிகம் நடந்துவந்தது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன்கோயில் எழுப்பினர். 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று அங்குக் கிடைத்துள்ளது. இக்கரையில் நாகப்பட்டினத்தில் சீனர் தொடர்புடைய கோபுரம் ஒன்று இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த வாங் தாயுவான் என்னும் சீனர், இப்பகுதியில் செங்கல்லாலாகிய கோபுரம் ஒன்று இருந்ததையும், 1267 ஆம் ஆண்டின் எட்டாம் திங்களில் அது முடிக்கப்பெற்றதாகச் சீன எழுத்தில் பொறித்திருந்ததையும் குறித்துள்ளார். அது நாகைக் கோபுரமே என்று அறிஞர் பலர் கருதுவர். எட்டாம் திங்கள் என்பது சீனர் முழுநிலவைக் கொண்டாடும் திங்கள் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

பிற்காலத்தில் அக்கோபுரத்துக்கு உரியவர் எவரும் நாகையில் இல்லாதொழிந்தனர். அதைச் சுற்றி விழா இல்லை, விளக்கேற்றுவாரும் இல்லை. ஐரோப்பியர் அதனைச் சீனக் கோபுரம் என்று அழைத்தனர். கரையை நாடி வரும் மாலுமிகளுக்கு அது ஓர் அடையாளமாக மட்டும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வால்டர் எலியட் அதனைக் கண்டபோது மூன்று அடுக்குகளோடு சிதைந்து நின்றது. கல்லூரிக் கட்டடத்துக்காக அந்நிலத்தைப் பெற்றிருந்த பாதிரிமார் அரசின் இசைவுடன் 1867 இல் அதனை இடித்தனர். அறுநூறு ஆண்டு நின்ற செங்கல் அடுக்குக்காக வாதாட ஊரில் ஒரு குடும்பமும் இல்லை.

சுவான்சௌவில் நாம் எழுப்பிய சிவன்கோயிலும் இன்று இல்லை. அதன் சிற்பத் தூண்கள் சில அங்குள்ள பௌத்தக் கோயிலில் தாங்குதூண்களாக நிற்கின்றன. வேறு சில அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கும் திருவிழா எடுப்பார் இல்லாமற்போயினர், கோயிலும் போயிற்று. இரு கரையிலும் நிகழ்ந்தது ஒன்றே.

அச்சிப்பூரில் நிலைத்த கல்லறை

இதற்கு மாறான காட்சி ஒன்றை, விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு கல்கத்தா சென்றபோது நாம் நேரில் கண்டோம். நகரிலிருந்து தென்மேற்கே, பட்ஜ்பட்ஜைக் கடந்து, ஹூக்ளி ஆற்றங்கரையில் அச்சிப்பூர் என்னும் ஊர் உள்ளது. வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சிக் காலத்தில் அங்கு வந்திறங்கிய தோங் அச்சியூ என்னும் சீனரின் பெயராலேயே அவ்வூர் வழங்குகிறது. அவர் அரசிடம் நிலம் பெற்று, கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை அமைத்து, தம் நாட்டவரை அழைத்து வந்து குடியேற்றினார். சில ஆண்டுகளிலேயே அவர் மறைந்தார், ஆலையும் மறைந்தது. தொழிலாளர் கல்கத்தாவுக்குச் சென்றுவிட்டனர்.

கரையில் எஞ்சியது குதிரை லாட வடிவிலான அவருடைய செந்நிறக் கல்லறை. சிறிது தொலைவில் ஒரு சிறு கோயில் உண்டு. அங்குள்ள சீனத் தெய்வங்கள் இருவரையும் வங்க மக்கள் 'குதா, குதி' எனத் தம் மொழியில் அழைக்கின்றனர். புத்தாண்டையொட்டிய வாரங்களில் கல்கத்தாச் சீனர் குடும்பம் குடும்பமாக அங்கு வந்து, ஊதுவத்தி ஏற்றி, உணவு படைத்து, ஆற்றங்கரையில் அமர்ந்து உண்டு திரும்புவர். நாம் சென்றது விழாக்காலம் அன்று. ஆயினும், கல்லறை துப்புரவாக இருந்தது. செந்நிறப் பூச்சு மங்காதிருந்தது. ஆண்டுக்கொரு முறை வருவோர் இருத்தலால் ஆண்டு முழுதும் அவ்விடம் பேணப்படுகிறது என உணர்ந்தோம்.

அம்மக்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. 1962 இல் இந்திய-சீனப் போர் மூண்டபோது, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தோர் உள்ளிட்ட சீன மரபினர் ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் அதன்பின் நாட்டை விட்டே சென்றனர். 1996 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் தாங்ராப் பகுதியின் தோல் தொழிற்கூடங்கள் இடம்பெயர நேர்ந்தது. பல்லாயிரவராய் இருந்த சமூகம் சில ஆயிரவராய்ச் சுருங்கியது. அவர்களுடைய இளைஞர் பலர் கனடாவிலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். எனினும், அச்சிப்பூர்ப் பயணம் நின்றுவிடவில்லை. நாகைக் கோபுரத்துக்கு வாய்க்காத பேறு இக்கல்லறைக்கு வாய்த்ததன் காரணம், அதனை நாடிச் செல்ல ஒரு திருநாள் இருந்ததே.

தண்ணீர்மலையும் பத்துமலையும்

நம்மவரும் இவ்வகையில் பின்தங்கியவரல்லர். மலேயாவுக்குச் சென்ற தமிழர், தைப்பூசத்தைக் கொண்டாட ஒரு மலையைத் தேடினர். கோலாலம்பூர் அருகே சுண்ணாம்புக் குகைகள் கொண்ட பத்துமலையைக் கண்டனர். தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1891 இல் அங்கு வேல் நிறுவப்பெற்றது. மறு ஆண்டு முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. 2006 இல் அங்குத் திறக்கப்பெற்ற முருகன் திருவுருவம் 42.7 மீட்டர் உயரமுடையது. அம்மலையை இன்று உலகமே அறியும்.

பினாங்குத் தீவில் அருவிக்கு அருகிலுள்ள குன்றுக்கு நம்மவர் தண்ணீர்மலை எனப் பெயரிட்டு, முருகனுக்குக் கோயில் எடுத்தனர். தைப்பூசத்தன்று அங்குத் தேர்வரும் வழியெங்கும் சீனர்கள் தேங்காய்களைக் குவித்து வைத்துச் சிதறுகாய் உடைக்கும் காட்சி புகழ்பெற்றது. காவடி எடுக்கும் சீனரும் உளர். சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில், குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர் அருகிலுள்ள கிருஷ்ணன் கோயிலின் முன்னும் நின்று ஊதுவத்தி ஏந்தி வணங்குகின்றனர். நாம் ஓர் இடத்தை அன்போடு போற்றினால் அயலாரும் வந்து கலந்துகொள்வர் என்பதற்கு இவை சான்றுகள்.

சத்தியவேட்டு நிலை

இப்போது நம் ஊரை நோக்குவோம். சத்தியவேட்டில் வாழும் தமிழருள் இருவகையினர் உளர். தொழில்நகர்ப் பணியை நாடி அண்மைக் காலத்தில் வந்தோர் ஒரு சாரார். மற்றொரு சாரார் எங்கிருந்தும் வந்தவரல்லர்; அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், எல்லைதான் இடம்பெயர்ந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் அளித்த பரிந்துரையையொட்டி 1959 இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அதே நாளில் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022 இல் அது திருப்பதி மாவட்டத்தில் அமைந்தது.

மாவட்டம் மாறினாலும் ஆடிக் கிருத்திகை மாறவில்லை. அன்று பூக்காவடி தூக்கித் திருத்தணி மலையேறுவோருக்கு எந்த எல்லைக்கல்லும் தடையாகவில்லை. சட்டம் பிரித்த குன்றையும் ஊரையும் திருநாள் ஆண்டுதோறும் இணைத்து வைக்கிறது. தமிழ் படிக்கும் பிள்ளைகள் இங்குக் குறைந்துவருதலை நாம் அறிவோம். அவர்களுக்குத் தமிழோடு உறவு நிலைக்க வேண்டுமானால், பாடநூலுக்கு அப்பால் இத்தகைய மலைப்படிகளும் வேண்டும்.

நம்மைச் சுற்றிக் காணத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக அமைத்த நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் மச்சாவதாரத் திருக்கோலத்தில் எழுந்தருளியுள்ளார். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களின் பிற்பகுதியில் நிகழும் சூரிய பூசையின்போது, சாயுங்கால வெயில் கோயில் வாயில்களைக் கடந்து உள்ளே நுழைந்து, முதல்நாள் திருவடியிலும், மறுநாள் திருமேனியின் நடுவிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படிகிறது. விழாவும் இடமும் இங்கு எவ்வளவு பொருந்தியுள்ளன! மேற்கு ஏரியின் கற்கோபுர விளக்குகளை எண்ணி வியந்த நாம், கூப்பிடு தொலைவில் உள்ள இவ்வதிசயத்தை எத்தனை முறை பிள்ளைகளுக்குக் காட்டியுள்ளோம்?

ஆரணியாற்றங்கரைச் சுருட்டப்பள்ளியில் நஞ்சுண்ட இறைவன் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறான். பிரதோட நாளில் அங்குக் கூட்டம் மிகும். வரதய்யபாளையத்தை அடுத்த காட்டில் உப்பலமடுகு அருவிகள் உள்ளன. சிவராத்திரியில் அடியார்கள் அங்குச் செல்வர். கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்துள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கு வந்து தங்கும். மேற்கே நகரி மூக்கு என்னும் மலைமுகடு, நாகைக் கோபுரத்தைப் போலவே, ஒரு காலத்தில் கடலிலிருந்து பார்க்கும் மாலுமிகளுக்கு அடையாளமாய் விளங்கியது. கோபுரம் மறைந்தது, மலை நிற்கிறது.

ஆகவே, நம் தமிழ்க் குடும்பங்கள் காணும் பொங்கலை இனி வீட்டினுள் தொலைக்காட்சி முன் கழித்துவிடாது, ஆண்டுக்கு ஓரிடம் எனத் தேர்ந்து ஒன்றுகூடிச் செல்லுதல் வேண்டும். ஓராண்டு ஆரணியாற்றங்கரை, மறு ஆண்டு நாகலாபுரம், அடுத்து ஏரிக்கரை என வகுத்துக்கொள்ளலாம். செல்லும் இடத்தைக் குப்பையின்றி விட்டுவருதலும், அதன் வரலாற்றைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லக் கேட்டலும் நம் வழக்கமாக வேண்டும். சங்கராந்தியும் கனுமாவும் கொண்டாடும் தெலுங்கு அன்பர்களை உடன் அழைப்போம். தொழில்நகரில் பணிபுரியும் சீனர் எவரேனும் வர விரும்பினால் அவருக்கும் நம் இலையில் ஓர் இடம் உண்டு. மலையேறுதலும் நீர்க்கரையில் உண்ணுதலும் அவருக்குப் புதியன அல்ல.

தோங் அச்சியூவின் ஆலை அழிந்தது. அவர் நட்ட கரும்பும் அழிந்தது. ஆனால், இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் ஆற்றங்கரையில் ஒருநாள் அவர் பெயரைச் சொல்லி உணவு படைக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகள் எந்த ஊரில் வாழ்வார்களோ, எம்மொழியில் மிகுதியாகப் பேசுவார்களோ நாம் அறியோம். சிறுவயதில் பெற்றோருடன் சென்ற ஒரு குன்றையோ ஆற்றங்கரையையோ நினைத்து அவர்கள் ஆண்டில் ஒருநாள் இங்கு வந்து கூடுவார்களாயின், நாம் கொண்டுவந்த திருநாளுக்கு இம்மண்ணிலும் வேர் பிடித்தது எனக் கொள்ளலாம். அதற்கான முதற்பயணத்தை வரும் காணும் பொங்கலன்றே தொடங்குவோமாக.